ஆர்டி 350க்கு எந்த ஸ்பார்க் பிளக்? கோத்தகிரியில் வலது சிலிண்டர் நின்றுவிடுகிறது

கோத்தகிரி_ராஜ்தூத்
வணக்கம் அண்ணன்மாரே. வீட்டில் 1985 மாடல் ராஜ்தூத் 350 பைக் (யமஹா ஆர்டி 350இன் இந்திய வடிவம்) இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் விரட்டினால் நன்றாக ஓடுகிறது. மேலே வந்து டவுனுக்குள் மெதுவாக உருட்டினால் ஒரு சிலிண்டர் நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் வலது பிளக் கரியும் எண்ணெயுமாக நனைந்திருக்கிறது, இடது பிளக் நல்ல காப்பிப்பொடி நிறம். மாட்டியிருப்பது என்ஜிகே பி8எச்எஸ். கடையில், "குளிர் ஊருக்குச் சூடான பிளக்தான் சரி" என்று பி6எச்எஸ் தருகிறார்கள். நண்பரிடம் பி8இஎஸ் புதுசாக இரண்டு இருக்கிறது. எதைப் போடலாம்?

குன்னூர்_பட்டறை
தம்பி, அந்த பி8இஎஸ் பக்கமே போகாதீர்கள். அதுவும் 14 மி.மீ. மரைதான், திருகினால் சுலபமாக ஏறிவிடும், ஆபத்தே அதில்தான். பிளக் பெயரில் எச் என்றால் மரை நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19. மிச்சமுள்ள ஆறு மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கிக்கரை மிதித்ததும் பிஸ்டன் வந்து இடிக்கும்.

கம்பெனி சொன்னது பி8எச்எஸ், அதுவே இருக்கட்டும். என்ஜிகேயில் எண் குறைந்தால் பிளக் சூடு கூடும், அதாவது முனை சூட்டை அதிகம் தக்கவைக்கும். ஆறாம் நம்பர் போட்டால் டவுனுக்குள் கரி பிடிக்காதுதான். ஆனால் அதே வண்டியை இறக்கிக் கோவை ரோட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், முனை சிவக்கக் காய்ந்து, பொறி விழும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழும்.

வேறு கம்பெனி பிளக் வாங்கினால் நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய மைக்கோவில் டபிள்யூ175ஐவிட டபிள்யூ225 குளிர்ந்த பிளக். இப்போதைய பாஷில் டபிள்யூ5ஐவிட டபிள்யூ7 சூடு.

ஊட்டி_டூஸ்ட்ரோக்
மலை உயரம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஊட்டியில் 2,200 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) கலவையில் பெட்ரோல் கூடித்தான் போகும். ஆனால் அப்படியென்றால் இரண்டு பிளக்கும் கறுக்க வேண்டுமே? உங்களுக்கு வலது மட்டும்தான். இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு இடது பக்கம் போனால் பிளக் கெட்டது. வலதிலேயே நின்றால் கியர் ஆயில் அளவைப் பாருங்கள்.

கோத்தகிரி_ராஜ்தூத்
மாற்றிப் பார்த்தேன் அண்ணா, வலதிலேயே நிற்கிறது. கியர் ஆயிலும் குறைந்திருக்கிறது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. வலது சைலன்சரில் வெள்ளைப் புகை.

குன்னூர்_பட்டறை
அப்போ கிராங்க் சீல்தான், அதாவது கிராங்க் தண்டின் முனையில் எண்ணெயும் காற்றும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். இந்த வண்டியில் கிளட்ச் வலது பக்கம். அந்தப் பக்கச் சீல் தேய்ந்தால் கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். விரட்டும்போது எரிந்து போகிற எண்ணெய், மெதுவாகப் போகையில் பிளக்கில் தங்கிவிடும். எத்தனை பிளக் மாற்றினாலும் தீராது. இடது சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். அது போனால் காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும், இறக்கத்தில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிவிடும்.

அப்புறம் புது பி8எச்எஸ் இரண்டு, இடைவெளி 0.6 மி.மீ. கையாலேயே முழுக்கத் திருகி, வாஷர் தொட்டபின் ஸ்பானரால் அரைச் சுற்று போதும்.