முதுகெலும்பு ஆய்வுகளில் நிறுவனப் பணம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மாறன்:
இன்ஃப்யூஸ் என்பது முதுகெலும்பு இணைப்பில் எலும்பை வளர வைக்க மெட்ரானிக் நிறுவனம் தயாரிக்கும் புரதம். அதன் ஆய்வுகளை எழுதிய மருத்துவர்களுக்கு அந்த நிறுவனமே பணம் கொடுத்தது பெரிய சர்ச்சையானது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு இந்தப் புரதத்தை வைத்து முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை செய்யச் சொன்னார்கள். "இந்தப் புரதத்தால பக்கவிளைவே இல்ல" என்று மருத்துவர் ஒரு கட்டுரையை நீட்டினார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். எழுதியவர்களில் சிலர் தயாரிப்பு நிறுவனத்திடம் பணம் பெற்றவர்கள் என்று பொடி எழுத்தில் இருந்தது. "இது என்ன டாக்டர்?" என்றேன். "எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறதுதான்" என்று தாளை வாங்கி மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டார். மேஜை மூடிய அந்தச் சத்தம் இன்னும் உறுத்துகிறது.

எலும்பியல் மாணவி:
முதுகெலும்பு மருத்துவ ஆய்விதழான ஸ்பைன் ஜர்னலின் 2011 ஜூன் இதழை எங்கள் துறையில் கூடிப் படித்தோம். நிறுவனம் பணம் கொடுத்த 13 ஆய்வுகள், 780 நோயாளிகள், புரதத்தால் வந்த பாதிப்பு பூஜ்யம். அந்த இதழில் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் காராகியின் குழு மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு 10 முதல் 50 சதவீதம். வேண்டாத இடத்தில் எலும்பு வளர்வது, ஆண்களுக்கு மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். "780 பேர்ல ஒருத்தருக்குக்கூடவா வரல?" என்று பேராசிரியர் கேட்டார். அதே ஆய்வுகளை அதுவரை மேற்கோள் காட்டிப் பாடம் நடத்தியவர்கள் தலை நிமிரவில்லை.

செழியன்:
மாறன், பணம் வாங்கினாலே பொய் என்றாகிவிடாது. ஒரு திருகாணியை வடிவமைத்த மருத்துவருக்கு ராயல்டி கிடைப்பது நியாயம்தானே? மெட்ரானிக் தன் தரவு முழுவதையும் யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்ததையும் சொல்லுங்கள்.

கயல்:
செழியன், அந்தத் தரவை அலசிய இரண்டு குழுக்களும் 2013-இல் சொன்னது என்ன? நோயாளியின் சொந்த இடுப்பெலும்பை எடுத்து வைப்பதைவிட இதில் பெரிய பலன் இல்லை என்றுதானே! ராயல்டி வாங்கட்டும், அதே பொருளைச் சோதிக்கும் ஆய்வை அவரே ஏன் எழுத வேண்டும்? அமெரிக்க செனட் குழுவின் 2012 அறிக்கையைப் படியுங்கள். கட்டுரை எழுதிய மருத்துவர்களுக்கு 1996 முதல் 2010 வரை சுமார் 21 கோடி டாலர் போயிருக்கிறது. 2005-இல் வந்த ஒரு கட்டுரையில் பாதிப்புகளின் முழுப் பட்டியலைப் போட வேண்டாம் என்று நிறுவன ஊழியரே யோசனை சொல்லியிருக்கிறார். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு முதுகில் தகடு வைத்தவரும் ஒரு நிறுவனத்தின் ஆலோசகர்தான். அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் அது தெரியவந்தது.

மாறன், அண்ணன் அமெரிக்காவில் இருந்தால் நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை அரசு வெளியிடும் ஓப்பன் பேமென்ட்ஸ் தளத்தில் மருத்துவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 2014 முதல் பொதுவில் இருக்கிறது. சாப்பாட்டுச் செலவை விட்டுவிடுங்கள், ராயல்டியையும் ஆலோசனைக் கட்டணத்தையும் மட்டும் பாருங்கள். அப்புறம், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டி, அறுவை சிகிச்சையே தேவையா என்று முதலில் கேளுங்கள்.

மாறன்:
தேடினேன். ராயல்டி இருக்கிறது, அதே நிறுவனம்தான். அண்ணன் வேறொருவரிடம் தேதி வாங்கிவிட்டார்.