+2ல வொகேஷனல், டைப்பிங், ஃப்ரெஞ்சு எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்க சார், மிஸ் கதைய சொல்லுங்க

சென்டம் வாங்க வச்ச மேத்ஸ் சார பத்தி ஊரே பேசுது, வொகேஷனல் வாத்தியாருங்கள பத்தி ஒருத்தரும் பேசறதில்ல, அதான் நானே ஆரம்பிக்கறேன். தமிழ்நாட்டுல 1978ல +2 வந்தப்பவே தொழிற்பிரிவும் கூடவே வந்துச்சு. ஆனா இன்னிக்கும் பத்தாவதுல மார்க் கம்மியா, அவன அந்த குரூப்புல தள்ளுன்னுதான் பேச்சு. என்னையும் அப்படித்தான் தள்ளுனாங்க, எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் அண்ட் அப்ளையன்சஸ்.

எங்க சார் முதல்ல கத்துக்குடுத்தது சீரீஸ் லேம்ப் போர்டு. ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயர் முனை, அவ்ளோதான். ஃபேன் காயில பல்போட சீரீஸ்ல, அதாவது ஒரே வரிசையில வச்சு பல்பு மங்கலா எரிஞ்சா காயில் நல்லாருக்கு, பளிச்சுன்னு முழு வெளிச்சத்துல எரிஞ்சா உள்ள ஷார்ட், எரியவே இல்லன்னா எங்கயோ கம்பி அறுந்துருக்கு. அப்புறம் ஒரு முனைய காயில்லயும் இன்னொன்ன பாடியிலயும் வைப்பாரு. இப்ப எரியவே கூடாது, எரிஞ்சா பாடி ஷார்ட், தொட்டவன் காலி. இத நெட்டுரு போட முடியாதுங்க, சார் பழுதான ஃபேன் ஒண்ண முன்னாடி தூக்கி வச்சுட்டு போய்டுவாரு, என்ன நோயின்னு நாமதான் கண்டுபிடிச்சு சொல்லணும்.

வைண்டிங், அதாவது மோட்டாருக்குள்ள கம்பி சுத்தறது, அத விட மோசம். பழைய கம்பிய உருவி எடுத்து, ஸ்லாட் ஒண்ணொண்ணுக்கும் லெதராய்டு பேப்பர் வெட்டி சொருகி, 36 கேஜ் கம்பிய எனாமல் உரியாம உள்ள இறக்கணும், கை வேர்த்தா போச்சு. ஒரு பையன் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோட முனைய மாத்தி குடுத்துட்டான், ஃபேன் ரிவர்ஸ்ல சுத்தி காத்தெல்லாம் மேல போகுது, கிளாஸே சிரிக்குது. சார் திட்டுவாருன்னு பாத்தா "டேய் இது ஏன்டா திரும்பி சுத்துது, சொல்லிட்டு சிரிங்கடா"ன்னாரு. அந்த பீரியட் பூரா அதேதான், ரன்னிங், ஸ்டார்ட்டிங் ரெண்டு வைண்டிங் எதுக்கு, நடுவுல அந்த 2.5 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் என்ன வேல பாக்குதுன்னு. சுழல் காந்தப்புலம்னு புக்குல நாலு பக்கம் இருந்தது அன்னிக்குதான் மண்டைக்குள்ள போச்சு.

வொகேஷனல் முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்லயும் நமக்குன்னு தனி ஒதுக்கீடு இருக்கு, இதயும் அவருதான் சொன்னாரு. சொன்னதோட விடல, ஃபார்ம் வாங்கிட்டு வரச்சொல்லி லேப்லயே உக்காந்து நிரப்ப வச்சாரு. இப்ப நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன். சார் ரிட்டயர் ஆனதும் அந்த இடத்துக்கு ஆளே வரல, குரூப்பையும் எடுத்துட்டாங்க. சரி, உங்க கதைய சொல்லுங்க.

———

நான் ஆபீஸ் மேனேஜ்மென்ட் குரூப் அண்ணா. எங்க டைப்பிங் மிஸ் கிளாஸ்ல கண்ண மூடிட்டு உக்காந்திருப்பாங்க, தூங்கறாங்கன்னு நெனச்சு புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி ஒரு விரல்ல குத்திக்கிட்டு இருந்தா, கண்ண திறக்காமயே அவ பேர கூப்ட்டு "சுண்டு விரல் எங்கடி"ன்னாங்க, எல்லாம் சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே, தமிழ்னா யளனகபக, இத அடிச்சு அடிச்சு கனவுலயே வரும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45, ஆனா மிஸ்ஸுக்கு வேகம் முக்கியமில்ல, தாளம் சீரா இருக்கணும், வேகம் தானா வரும்பாங்க. ஷார்ட்ஹேண்டும் அவங்கதான், மெல்லிசா இழுத்தா இங்கிலீஷ் "P", அதே கோட்ட அழுத்தி இழுத்தா "B", பென்சில அழுத்தற அளவுக்கே ஒரு வாரம் போச்சு. எங்க செட்ல பாதிப்பேரு குரூப் ஃபோர்ல டைப்பிஸ்ட், ஸ்டெனோன்னு உள்ள போனவங்கதான். மிஸ்ஸுக்கு இன்னமும் ரிசல்ட் வந்ததும் முதல் போன் போகும்.

———

மார்க்குக்காக ஃப்ரெஞ்சு எடுத்த கோஷ்டி நான், மறைக்க என்ன இருக்கு, தமிழ்ல கஷ்டப்பட்டு எடுக்கற மார்க்க அங்க சுலபமா எடுக்கலாம்னு எல்லாரும் போனோம். மேடம் அத தெரிஞ்சே வச்சிருந்தாங்க. மனப்பாடம் பண்ணி எழுதுங்க, வேணாங்கல, ஆனா என் கிளாஸ்ல வாய திறந்து படிக்காம யாரும் வெளிய போக முடியாதுன்னாங்க. எழுத்துல இருக்கற கடைசி மெய் பாதி இடத்துல வாயில வராது, அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா அந்த மெய் திடீர்னு வாயில வந்து அதோட ஒட்டிக்கும், போர்டு எக்ஸாமுக்கு இதெல்லாம் சுத்தமா தேவையில்லாத வேல. இப்ப புதுச்சேரில டூரிஸ்ட் கைடா இருக்கேன், எனக்கு சோறு போடறது அந்த தேவையில்லாத வேலதான்.

———

எங்க சித்தி தையல் டீச்சர், பகுதிநேரம். 2012ல ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர்னு 16,549 பேர எடுத்தாங்களே, அதுல ஒருத்தங்க. வாரத்துக்கு மூணு அரைநாள், அப்ப சம்பளம் மாசம் 5000. ஆனா வேலைய பாத்தா அரைநாள் ஆள் மாதிரியே தெரியாது. கழுத்துக்கு கிராஸ் பீஸ் வெட்டறத முதல்ல பேப்பர்லதான் பழக்குவாங்க, துணி வீணாகக்கூடாதுன்னு. நேர் துணிய வச்சு தைச்சா வளைவுல சுருங்கி நிக்கும், சாய்ச்சு வெட்டுனாதான் படியும். எட்டாவது பொண்ணுங்க இதெல்லாம் தண்ணிபட்ட பாடா பண்ணுதுங்க, நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு பட்டன் தைக்க அவங்ககிட்ட போய் நிக்கறேன்.

———

அண்ணா ஒரு டவுட், தம்பி இந்த வருஷம் பத்தாவது, வொகேஷனல்தான் வேணும்ங்கறான், வீட்ல ஒரே சண்டை. சேக்கலாமா?

———

தாராளமா சேக்கலாம் தம்பி, ஆனா குரூப் பேர பாத்து சேக்காதீங்க. ஸ்கூலுக்கு நேர்ல போங்க, அந்த பாடத்துக்குன்னு வாத்தியார் இருக்காரா இல்ல வேற சப்ஜெக்ட் சார் சேத்து பாக்கறாரான்னு கேளுங்க, அப்புறம் லேப்ப திறந்து காட்டச்சொல்லுங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியலன்னா அடுத்த ஸ்கூல பாருங்க.