வெளிநாட்டில் ஆங்கிலப் பாடம் எடுத்தவர்களே, "யெஸ் டீச்சர்" என்பதை நம்பி ஏமாந்த கதை உங்களிடமும் இருக்கிறதா?

தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் ஆங்கிலம் எடுத்தேன். போவதற்கு முன் சாப்பாடு, வெயில், மொழி என்று எதற்கெல்லாமோ பயந்தேன். கடைசியில் என்னை உலுக்கியது வகுப்பில் ஒரே குரலில் வந்த "யெஸ்" தான்.

முதல் நாள் காலை 8 மணிக்குக் கொடியேற்றம். தேசிய கீதம், பிரார்த்தனை எல்லாம் முடிந்ததும் யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தால், "பாட்டு, பாட்டு" என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியை. மைதானம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். ஏ பி சி டியை ராகம் போட்டுச் சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டல் பிரமாதம். வேலை சுலபமாகத்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம். நான் மூச்சுப் பிடித்து ஒன்றைப் படித்தால் வகுப்பே சிரிக்கும், ஆனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அங்கே எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே ஒரு கூப்பிடு பெயர் உண்டு, சூ லென் என்பார்கள். புழங்குவது அதுதான். என் வகுப்பில் ஒரு பேங்க், இரண்டு ஐஸ், ஒரு கோல்ஃப், ஒரு பீர். "பீர் எங்கே, இன்றைக்கு பீர் வரவில்லையா?" என்று ஆசிரியர் வகுப்பில் நின்று கேட்கும் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் இறந்தகாலம் நடத்தினேன். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் "புரிந்ததா?" என்று கேட்பேன். நாற்பத்தைந்து தொண்டைகளும் சேர்ந்து "யெஸ் டீச்சர்!" என்னும். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். அப்புறம் தேர்வு வைத்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் போட்டிருந்த தவறு, எழுத்துப் பிழையோடு அப்படியே கடைசி வரிசை வரைக்கும் பயணம் போயிருந்தது. இன்னொரு பெண்ணின் தாளை இப்போதும் மறக்க முடியவில்லை. ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் ஓரக்கோடு, கேள்வி எண்ணுக்கு நீலம், கேள்விக்குக் கறுப்பு, அங்கங்கே வெள்ளை மை பூசிக் காயவைத்து மேலே திருத்தி எழுதியது, மூலையில் ஒரு பூனைக்குட்டி. அச்சடித்த மாதிரி இருந்தது. பதில் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

கோபத்தோடு துறைத் தலைவியிடம் போனேன். "மாய் பென் ராய்" என்று சிரித்தார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். தேறாதவர்களுக்கு மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்து, அதிலும் தேறாவிட்டால் ஒரு வேலை கொடுத்து, எப்படியாவது கரையேற்ற வேண்டுமாம். அதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன இன்னொரு வார்த்தை உதவியது: க்ரெங் ஜாய். அடுத்தவருக்குச் சிரமமோ சங்கடமோ கொடுத்துவிடக் கூடாது என்று தன்னை அடக்கிக்கொள்வது. "புரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், உங்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதனால்தான் யெஸ்" என்றார். அதாவது மூன்று வாரமாக அவர்கள் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்!

இதே ஆட்கள்தான் திங்கட்கிழமை காலையில், "டீச்சர், குண்டாகிவிட்டீர்கள்" என்று எல்லார் முன்னாலும் வயிற்றைக் காட்டிச் சொல்வார்கள். அதற்கு எந்தக் கூச்சமும் கிடையாது. இந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு "புரிந்ததா?" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், இன்றைக்குப் புரியாத ஒன்றை எழுதி அட்டைப்பெட்டியில் போடச் சொன்னேன். தாய்லாந்து மொழியிலேயே எழுதலாம் என்றேன். முதல் நாளே பெட்டி நிரம்பியது. ஒரு சீட்டில், "டீச்சர் ரொம்ப வேகமாகப் பேசுகிறார், ஆனால் நல்லவர்" என்று இருந்ததாகப் பக்கத்து ஆசிரியை படித்துச் சொன்னார்.

என் மானம் நிஜமாகவே போன நாள் வேறு. கோல்ஃப் ஒரு கடினமான கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னான். சந்தோஷத்தில் அவன் தலையில் தட்டிக்கொடுத்தேன். வகுப்பு கப்சிப். அங்கே தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், கண்டபடி தொடக் கூடாது. பதற்றத்தில் பின்வாங்கியவன், கீழே கிடந்த ப்ளக்கைக் காலால் நகர்த்தினேன். கால் ஆகத் தாழ்ந்த இடமாம், அதால் எதையும் சுட்டவோ தள்ளவோ கூடாது. அரை நிமிடத்தில் இரண்டையும் முடித்தேன்.

உங்கள் கதைகளை எழுதுங்கள்.

*

அண்ணா, அந்த "குண்டு" எனக்கும் தினப்படி. கூடவே "கறுப்பு" என்பதும். பாங்காக்கில் இருந்தேன். வேலை தேடிய காலத்தில் தொலைபேசியில் பேசும்போது "வெரி குட் இங்க்லிஷ்" என்றவர்கள் நேரில் பார்த்ததும் முகம் மாறி, "பெற்றோர்கள் வெள்ளைக்காரர்களை எதிர்பார்க்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் சிரித்தபடி, கை கூப்பிச் சொல்வார்கள். வேலை கிடைத்த பிறகு ஓயாத காகித வேலை: வேலை அனுமதி, 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறையில் முகவரிப் பதிவு, ஆசிரியர் உரிமம். அந்த உரிமம் தரும் அமைப்பின் பெயர் குருசபா. பெயரைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் அலுப்பே போய்விட்டது.

நேரம் சொல்வதில் நான் பட்ட பாடு தனி. வீட்டுக்காரம்மா "சோங் தும்" வா என்றார். சோங் என்றால் இரண்டு என்று படித்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். அவர்கள் பேச்சு வழக்கில் நாளை ஆறு ஆறு மணியாகப் பிரிக்கிறார்கள், மாலை ஏழிலிருந்து ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ண வேண்டும். சோங் தும் என்றால் இரவு எட்டு!

இன்னொன்று. காய்ச்சல், நாளைக்கு வகுப்பு இல்லை என்று மாணவர்களின் லைன் (வாட்ஸ்அப் மாதிரி ஒரு செயலி) குழுவில் போட்டேன். ஒருவன் "555555" என்று பதில் போட்டான். அவசர உதவி எண் போல என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு "ஹா". பையன் சிரித்திருக்கிறான்.

ஆனால் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆசிரியர்களை வணங்கும் "வாய் க்ரூ" விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்து, பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து பூத்தட்டு கொடுத்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன். தட்டில் வழக்கமாக வைப்பது இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி இருக்கிறதல்லவா, அது கூர்மையான புத்திக்கு. கத்தரிப்பூ தலை குனிந்திருப்பதால் பணிவுக்கு. புல் எங்கும் வேகமாகப் படர்வதால் படிப்பு வளர்வதற்கு. மறுநாளே அதே பிள்ளைகள் வகுப்பில் தூங்கினார்கள், அது வேறு.

*

நான் ஜப்பான். நடுநிலைப் பள்ளியில் துணை ஆங்கில ஆசிரியர். அங்கே "யெஸ்"ஸும் வராது, அமைதிதான் வரும். கேள்வி கேட்டால் பையன் தலையைச் சாய்த்து, பக்கத்துப் பையனிடம் குசுகுசுவென்று கலந்துபேசி, அவன் பின்னால் இருப்பவனிடம் கேட்டு, ஒரு குழுவாகத் தீர்மானம் போட்ட பிறகுதான் ஒரு சொல் வெளியே வரும். தவறாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்பது அவர்கள் கட்சி.

முதல் நாளே வெளிச்செருப்போடு உள்ளே நாலடி நடந்துவிட்டேன், ஓடி வந்து தடுத்தார்கள். மதியம் பார்த்தால் மாணவர்களே தலையில் துணி கட்டிக்கொண்டு தரை துடைக்கிறார்கள். தண்டனையோ என்று நினைத்து ஒரு பையனிடம் அனுதாபமாக என்ன தப்பு செய்தாய் என்று கேட்டேன், பாவம், குழம்பிப்போனான். தினமும் நடக்கிற வேலையாம். எனக்கும் ஒரு துணி கொடுத்தார்கள்.

அண்ணன் சொன்ன யெஸ் கதைக்கு என்னுடையது இது. மாலையில் ஒரு ஆங்கிலப் பேச்சுக் குழு தொடங்கலாமா என்று துணைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, நெடுநேரம் யோசித்து, "முஸுகஷீ" என்றார். கஷ்டம் என்று அர்த்தம். நான் உற்சாகமாக, "பரவாயில்லை சார், கஷ்டப்பட்டுச் செய்துவிடலாம்!" என்றேன். மறுவாரம் மறுபடி போனேன். இன்னும் நீளமாகக் காற்றை உறிஞ்சினார். நாலாவது தடவைக்குப் பிறகுதான் உடன் வேலை பார்த்த ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட்டார்" என்றார். எங்கே சொன்னார்?

அது சரி, தலையில் கை வைத்தீர்களே, அந்தக் கோல்ஃப் என்ன ஆனான்?

*

ஒன்றும் ஆகவில்லை தம்பி. அன்று மாலையே ஆசிரியர் அறைக்குப் போய், அவனைக் கூப்பிட்டுக் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குத்தான் அது பெரிய சங்கடமாகிவிட்டது, என்னைவிடக் கீழே குனிந்து "மாய் பென் ராய் டீச்சர்" என்றான். அடுத்த வாரத்திலிருந்து சரியான பதில் சொன்னதும் நான் பக்கத்தில் வருவதற்குள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்பான், நான் தட்டவேண்டும். பிறகு தப்பான பதில் சொல்லிவிட்டும் நீட்ட ஆரம்பித்தான். சீட்டுப் பெட்டியில் மட்டும் வாராவாரம் அவன் சீட்டு இருக்கும், பெயர் போடாவிட்டாலும் எனக்குத் தெரியும். கீழே குட்டியாக ஒரு கால்பந்து வரைந்திருப்பான்.