பழைய ஜீப் திடீரென்று இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை

முந்திரித்தோப்பு (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2001இல் வாங்கிய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உண்டு. முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டான ஆக்ஸில், நான்கு பக்கமும் பட்டை (எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். பவர் ஸ்டியரிங் கிடையாது. பண்ருட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் முந்திரித் தோப்புக்கு உரமும் ஆட்களும் ஏற்றிப் போவதற்காகவே வைத்திருக்கும் வண்டி.

மூன்று வாரங்களுக்கு முன்பு தோப்பிலிருந்து திரும்பி நெல்லிக்குப்பம் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, வண்டி இடப்பக்கம் இழுப்பதை உணர்ந்தேன். காலையில் போகும்போது அந்தக் குறை இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. பிரேக்கை மிதித்தால் இழுப்பு இன்னும் அதிகமாகிறது. மறுநாளே அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தேன். ஸ்டியரிங் நேராக நிற்கும்படி செய்து கொடுத்தார்கள். ஆனால் இழுப்பு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் வேறோர் இடத்தில் பார்த்தும் அதே கதைதான். முன்டயர்கள் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறது. இப்போது ஒரு மெக்கானிக், ஸ்டியரிங் பாக்ஸையே (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அரியாங்குப்பத்தார்

பிரேக் மிதிக்கும்போது இழுப்பு கூடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், என் சந்தேகம் முழுவதும் இடப்பக்க முன்பிரேக்கின் மேல்தான். நம் பகுதியில் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) நகரும் பின்கள் (pin) துருப்பிடித்து இறுகிப்போவது சாதாரணம். அதைவிட ஏமாற்றக்கூடியது பிரேக் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ரப்பர் குழாய் உள்ளே உப்பி, மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விட்டுவிட்டு, காலை எடுத்த பிறகு திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தச் சக்கரம் பிரேக் பாதி பிடித்த நிலையிலேயே ஓடும்.

சோதிப்பது எளிது. ஐந்தாறு கிலோமீட்டர் கூடியவரை பிரேக் பிடிக்காமல் ஓட்டி, வண்டியைத் தானாக நிற்கவிட்டு, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டுச் சுழற்றுங்கள். சுழலாவிட்டால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைச் சற்றே திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் ஹோஸ் கெட்டிருக்கிறது. அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பர் இறுகியிருக்கிறது. கூடவே, முன்சக்கரத்தை ஆக்ஸில் தண்டோடு கோக்கவும் விடவும் செய்யும் ஃப்ரீ வீல் ஹப்புகளில் ஒன்று லாக் நிலையிலும் மற்றது ஃப்ரீ நிலையிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதனாலும் இழுக்கலாம்.

பழையபட்டறை (வில்லியனூர்)

ஐயா, முதலில் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றும் யோசனையை நிறுத்தி வையுங்கள். பவர் ஸ்டியரிங் பாக்ஸில் உள்ளே வால்வு கெட்டால் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்புவது உண்டு. உங்களுடையது கைவலுவில் திரும்பும் பாக்ஸ். அது தேய்ந்தால் ஆட்டம் கொடுக்கும், வண்டி இரு பக்கமும் அலையும், ஆனால் ஒரே பக்கம் விடாமல் இழுக்காது.

அரியாங்குப்பத்தார் சொன்ன பிரேக் சோதனையை அவசியம் செய்யுங்கள். ஹப் விஷயத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. இரு சக்கர இயக்கத்தில் ஒரு ஹப் லாக்காகி இருந்தால் அந்தப் பக்கத்து ஆக்ஸில் தண்டும் டிஃபரன்ஷியலின் உள்பற்களும் வெறுமனே சுழலும். இவ்வளவு இழுப்பு வருவதற்கு அதில் தடை போதாது.

அலைன்மென்ட் என்பது மெல்ல மெல்லக் கெடும். காலையில் நேராகப் போன வண்டி மாலையில் இழுக்கிறது என்றால், நடுவில் ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும், வளைந்திருக்க வேண்டும் அல்லது இறுகியிருக்க வேண்டும். தவிர, ஒரே தண்டான ஆக்ஸிலில் டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டு சக்கரத்துக்கும் தானாகவே சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதால், அது தவறியிருந்தால் டயர் தேயுமே ஒழிய, நிலையாக ஒரு பக்கம் இழுப்பது அரிது. ஆகவே இரண்டு இடத்திலும் அவர்கள் செய்த வேலை சரியாகவே இருந்திருக்கலாம்; நோய் வேறிடத்தில் இருக்கிறது.

பிரேக் சரியாக இருந்தால் முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் டயரின் உள்கட்டில் கோளாறு. எட்டு மாத டயருக்கும் அது வரலாம். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக இடதோரம் சரிந்திருப்பதால் எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் போகத்தான் செய்யும். அதனால் இந்தச் சோதனையைச் சரிவில்லாத வெற்று மைதானத்தில் செய்யுங்கள்.

டயரும் இல்லை என்றால் கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கி வாருங்கள். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, முன் ஆக்ஸில் குழாயின் முன்விளிம்பிலிருந்து, பட்டை உட்காரும் இடத்துக்கு அருகில், இரு பக்கமும் குண்டைத் தொங்கவிட்டுச் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பின் ஆக்ஸிலுக்கும் அதேபோல் செய்யுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டாம். சக்கரம் சற்றுத் திரும்பியிருந்தாலும் அந்த அளவு மாறிவிடும். வண்டியை நகர்த்திவிட்டு இடப்பக்கத்துப் புள்ளிகளின் இடைவெளியையும் வலப்பக்கத்து இடைவெளியையும் ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். இடைவெளி குறைந்ததற்குக் காரணம் முன் ஆக்ஸிலா பின் ஆக்ஸிலா என்று தெரிய, பட்டையின் நகராத முனையில் உள்ள பின்னிலிருந்து (pin) ஆக்ஸில் வரை இரு பக்கமும் தனியே அளந்தால் போதும்.

ஒரு விஷயத்தை நீங்கள் சொல்லவில்லை. அன்று தோப்பில் வண்டி எங்கேனும் மோதியதா, அல்லது வரப்பு, ஓடை எதிலாவது ஒற்றைச் சக்கரம் இறங்கி ஏறியதா?

முந்திரித்தோப்பு

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்று வறண்ட ஓடை ஒன்றைக் குறுக்காகக் கடந்து கரையேறும்போது இடப்பக்க முன்சக்கரம் ஒரு வேரில் முட்டி, அடியில் ‘டங்’ என்று சத்தம் கேட்டது. பின்னால் இருந்த மண்வெட்டி விழுந்ததாக நினைத்து விட்டுவிட்டேன்.

பிரேக் சோதனையில் இரு சக்கரங்களும் ஒரே அளவு சூடுதான். தூக்கிச் சுழற்றியபோது இரண்டும் தடையின்றிச் சுற்றின. டயரை மாற்றிப் போட்டும் இழுப்பு இடப்பக்கமே இருந்தது. நேற்று தூக்குக்குண்டு பிடித்தேன். வலப்பக்கத்தை விட இடப்பக்கம் 17 மில்லிமீட்டர் குறைவு. கை நடுக்கமோ என்று மூன்று முறை அளந்தும் அதே அளவுதான் வந்தது. முன்பட்டையின் நகராத முனையில் உள்ள அந்தப் பின்னிலிருந்து அளந்தபோது, இடப்பக்க முன் ஆக்ஸில்தான் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிகிறது.

பழையபட்டறை (வில்லியனூர்)

அப்படியானால் இடப்பக்க முன்பட்டையின் சென்டர் போல்ட் அறுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் அந்தப் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து, ஆக்ஸில் முன்பின்னாக நகராமல் பிடித்து வைக்கிறது. அது அறுந்தால் ஆக்ஸிலின் இடமுனை பின்னால் நழுவி, ஆக்ஸில் முழுவதுமே இடப்பக்கம் திரும்பி நிற்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுவதால் இன்னும் கொஞ்சம் நழுவும். பிரேக் கோளாறு போலவே உங்களுக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம். உறுதி செய்ய, ஒருவரை ஓட்டச் சொல்லி முன்னே பத்தடி போய்ப் பிரேக், பின்னே பத்தடி வந்து பிரேக் என்று மெதுவாகச் செய்யுங்கள். நீங்கள் பக்கவாட்டில், சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் நின்று பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவே பாருங்கள். அசைவு தெரியும், துருவுக்கு நடுவே புதிதாக உரசிய பளபளப்பும் இருக்கும்.

சென்டர் போல்ட் வேரில் மோதியதால் மட்டும் அறுந்திருக்காது. பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை அந்தப் போல்ட்டின் மேல் பெரிய பாரம் விழுவதே இல்லை. அவை முன்பே தளர்ந்திருக்க வேண்டும். எனவே யூ போல்ட்டுகளையும் நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். நீண்டுபோன பழையவற்றை மறுபடி இறுக்கிப் பயனில்லை. சரிசெய்யும்வரை தோப்புக்குப் போக வேண்டாம்.

டீசல்புகை (நெய்வேலி)

ஒரு சிறு சேர்க்கை. அலைன்மென்ட் பார்த்தவர்கள் ஸ்டியரிங்கை நேராக்கியது ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றித்தான். ஆக்ஸில் தன் இடத்துக்கு வந்த பிறகு ஸ்டியரிங் வேறு பக்கம் கோணலாக நிற்கும். அதைக் கண்டு பதறாமல், டிராக் லிங்க்கைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டையைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைப்பதும், யூ போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் பாரம் பட்டையின் மேல் இருப்பதும் முக்கியம்.

முந்திரித்தோப்பு

பட்டையைப் பிரித்துப் பார்த்தோம். சென்டர் போல்ட் இரண்டு துண்டு. உடைந்த முகத்தில் பாதி பழைய துரு, பாதி புதிய வெள்ளை. யூ போல்ட் நட்டுகளில் இரண்டைப் பையன் ஒருவன் சிறிய ஸ்பானரிலேயே கழற்றிவிட்டான். போல்ட்டுகள் எல்லாம் புதிதாகப் போட்டு, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினோம். இப்போது இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். நண்பர் சொன்னபடியே ஸ்டியரிங் கோணலாக நின்றது; டிராக் லிங்க்கைச் சரிசெய்த பிறகு புதுச்சேரி வரை போய் வந்தேன், நேராகப் போகிறது. யூ போல்ட்டுகளை எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்?

பழையபட்டறை (வில்லியனூர்)

இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை இறுக்குங்கள். புதிய போல்ட் அதற்குள் உட்கார்ந்துவிடும். அப்போதே வலப்பக்கத்தையும் பின்பட்டைகளையும் பார்த்துவிடுங்கள், அவற்றுக்கும் அதே வயதுதான்.