வல்கனின் அலறலைக் கேட்டவர்கள் எழுதுங்கள்

ஷெஃபீல்டிலிருந்து:

வல்கன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் அலறலை நேரில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2015 அக்டோபர் 28-ஆம் தேதியோடு அந்தச் சத்தம் வானத்தில் இல்லாமல் போய்விட்டது. ஒலிப்பதிவில் அதில் கால் பங்குகூடத் தேறாது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏற்படும் அதிர்வை எந்தக் கருவியால் பிடிக்க முடியும்? கேட்டவர்கள்தான் எழுதிவைக்க வேண்டும். நானே தொடங்குகிறேன்.

2013 கோடைக்காலம். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு காலை என்னை டான்காஸ்டர் விமான நிலையத்து வேலியோரம் அழைத்துச் சென்றார். இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க் தேநீர். காதில் பஞ்சு வைக்கப்போனேன். கூடாது என்று தடுத்துவிட்டார். இளமையில் வாடிங்டன் விமானப்படைத் தளத்தில் வல்கன்களுக்கு எரிபொருள் நிரப்பியவர் அவர்.

ஓடுபாதையின் கோடியில் அது திரும்பி நின்றபோது எனக்குத் திருக்கை மீன்தான் நினைவுக்கு வந்தது. உடல் எது, இறக்கை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை; ஏறக்குறைய 34 மீட்டர் அகலத்துக்கு ஒரே முக்கோணமாகப் பரந்து கிடந்தது. நான்கு ஒலிம்பஸ் எஞ்சின்கள். முதலில் வெறும் இடிமுழக்கம்தான். சக்கரங்கள் தரையை விட்டதும் அந்த முழக்கத்தைக் கிழித்துக்கொண்டு இன்னொரு குரல் எழுந்தது. ஊளை என்பதா, ஓலம் என்பதா, இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. எஞ்சின் 90 சதவீத வேகத்தை நெருங்கும்போது, காற்றை உள்ளிழுக்கும் வாயிலில் பிறக்கும் ஒலி அது என்று பெரியவர் பிறகு விளக்கினார். எங்களுக்குப் பின்னால் நின்ற கார்களின் அலாரங்கள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். விமானம் மேகத்துக்குள் மறைந்த பிறகும் அதைத் தலையில் வைக்கவில்லை.

நாங்கள் பார்த்த வல்கனின் எண் எக்ஸ்எச்558. முதலில் பறந்தது 1960-இல். 1993-இல் பிரிட்டிஷ் விமானப்படை அதை விற்றுவிட்டது. பொதுமக்களின் நன்கொடையாலும் லாட்டரி நிதியாலும் பல ஆண்டுகள் பழுதுபார்த்து, 2007 அக்டோபர் 18 அன்று மீண்டும் பறக்கவைத்தார்கள். அணுகுண்டு சுமப்பதற்கென்றே உருவான விமானம் அது. வல்கன்கள் போருக்குப் போனது 1982-இல், ஃபாக்லந்துத் தீவுகளுக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஓய்வூதியக்காரர்கள் பத்து பவுண்டு, இருபது பவுண்டு என்று அனுப்பியது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வேலியோரம் நின்ற பிறகுதான் விளங்கியது.

2015 அக்டோபர் 10, 11 தேதிகளில் அது நாடு முழுவதும் சுற்றிவந்து விடைபெற்றது. கடைசி நாள் பறந்ததை முன்கூட்டியே பெரிதாக அறிவிக்கவில்லை; கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விடும் என்ற பயம். பெரியவர் அப்போது இல்லை. அந்த வசந்தத்திலேயே போய்விட்டார்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து:

ஒலிம்பஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் எஞ்சினும் அதே குடும்பம். வல்கன் ஒன்றின் வயிற்றுக்கு அடியில் கட்டிப் பறக்கவிட்டுத்தான் அதைச் சோதித்தார்கள். கான்கார்டில் பாதி உரிமை பிரெஞ்சுக்காரர்களுக்கு உண்டு. ஆனாலும் எங்கள் தெருவில் அது எங்களுடைய விமானம்தான்.

காலை பத்தரைக்கு நியூயார்க் விமானம் கிளம்பும்போது அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். மாமியார் அதை வைத்தே மத்தியானத்துக்கு உலை வைப்பார். 2003 அக்டோபர் 24, மாலை நான்கு மணி கழிந்து மூன்று கான்கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹீத்ரோவில் இறங்கின. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மறுநாள் பத்தரைக்குத் தம்ளர்கள் அசையவில்லை. மாமியார் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கோயம்புத்தூரிலிருந்து:

பெரிய விமானங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் ஒரு சின்ன விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1970-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தேன், ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்; விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கும் வேலை. என் கையில் முதலில் தந்தது ஃபோலண்ட் நாட் என்ற போர் விமானம். இங்கிலாந்தில் வடிவமைத்து, பெங்களூரில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டியது. இறக்கையின் முனையிலிருந்து முனைக்கு ஏழு மீட்டர்கூடக் கிடையாது. பெரும்பாலான வேலைக்கு ஏணியே வேண்டாம். தரையில் நின்றபடியே முடித்துவிடலாம். ஹைட்ராலிக் கோளாறு மட்டும் எங்களைத் தூங்கவிடாது. ஆனால் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை விரட்டிய விரட்டில் ‘சேபர் கொல்லி’ என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் ஏறித் தனியாகப் போரிட்டு உயிர்விட்டார். விமானப்படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

2017-இல் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். எசெக்ஸில் நார்த் வீல்ட் என்ற பழைய விமானத்தளத்தில் நாட் இருக்கிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்து அழைத்துப் போனார். சிவப்பு வண்ணம். பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஏரோஸ் குழு 1965 முதல் 1979 வரை நாட் விமானத்தில்தான் சாகசம் செய்தது. இரண்டு இருக்கைகள், எங்களுடையதைவிட இறக்கை சற்று அகலம், பயிற்சி விமானம். பராமரிக்கிற இளைஞரிடம் என் வேலையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வயிற்றுப் பக்கத்து மூடி ஒன்றைத் திறந்துவிட்டு விலகி நின்றார். கையை உள்ளே விட்டேன். குழாய் வளைகிற இடம் விரல்களுக்குத் தெரிந்திருந்தது, கண் தேவைப்படவில்லை. விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்து, அதைத் துவைக்காமல் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஹாரோவிலிருந்து:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். 1990-இல் எனக்கு ஒன்பது வயது. மாமரத்தின் கீழ் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கர் எங்களுடையது. இரைச்சலை வைத்தே எது வருகிறது என்று சொல்லிவிடுவோம். ஹெலி வேறு, பொம்மர் வேறு, அவ்ரோ வேறு. ஆட்களையும் சாமானையும் ஏற்றப் பிறந்த விமானம் அவ்ரோ. அதிலிருந்து எங்கள் மேல் குண்டு தள்ளினார்கள். இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்கள் கீச்சிட்டுக்கொண்டு வரும். அந்தக் கீச்சுக் கேட்டால் அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

2014 ஆகஸ்ட், ஈஸ்ட்போர்ன் கடற்கரை. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு விமானங்களான லங்காஸ்டர்களில், பறக்கும் நிலையில் உலகத்தில் எஞ்சிய இரண்டும் சேர்ந்து வருகின்றன, ஒன்று கனடாவிலிருந்தே பறந்து வந்திருக்கிறது என்று மகன் அடம்பிடித்தான். அம்மாவையும் அழைத்துப் போனோம். ஒலிபெருக்கியில் ‘அவ்ரோ லங்காஸ்டர்’ என்றார்கள்; அவ்ரோ அதைக் கட்டிய நிறுவனத்தின் பெயர். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. அந்த ஒரு சொல் தெரியும். என் கையைப் பிடித்தார். “தம்பி, அவ்ரோவா வருகிறது?” மற்றக் கையால் பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூழாங்கல் கரையில் எந்தப் பக்கம் ஓடலாம் என்று அவர் கண் தேடியது.

கடல் மேல் தாழ்வாக இரண்டும் வந்தன. கீச்சு இல்லை. எட்டு மெர்லின் எஞ்சின்கள் கனத்த குரலில் ஒன்றாக முனகின, தேன்கூட்டில் காதை வைத்தது போல. அம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

“இது குண்டு போட்டதா?”

“போட்டது அம்மா. ஜெர்மனியில்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அங்கேயும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்” என்றார்.

எங்களுக்கு அருகில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர், மார்பில் பதக்கங்கள். அழுதுகொண்டிருந்தார். அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் திரும்பி வரவில்லை என்று அன்றிரவு மகன் வாசித்துக் காட்டினான். அம்மா தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அந்த முதியவரிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் போகிறோம். எனக்கு அந்த மெர்லின் சத்தம் பிடித்திருக்கிறது; பங்கரில் கிடந்த பிள்ளைக்கு அது எப்படிப் பிடிக்கும் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீண்டும் ஷெஃபீல்டிலிருந்து:

ஹாரோ அண்ணா, ஒரு செய்தி. மான்செஸ்டர் அருகே வுட்ஃபோர்டில் இருந்த அவ்ரோ தொழிற்சாலையில்தான் வல்கன்களைக் கட்டினார்கள். லங்காஸ்டர்களையும் அங்கே பூட்டினார்கள். நீங்கள் சொன்ன அந்த அவ்ரோவும் 1960-இல் முதலில் பறந்தது அங்கிருந்துதான். எக்ஸ்எச்558 பறக்கத் தொடங்கிய அதே ஆண்டு. தொழிற்சாலை 2011-இல் மூடிவிட்டது. இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, வெளியே ஒரு வெள்ளை வல்கன் நிற்கிறது. நீங்கள் வருவதானால் ரயில் நிலையத்துக்கு நான் கார் கொண்டுவருகிறேன்.

ஹாரோவிலிருந்து:

அம்மாவிடம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு, “அதைக் கட்டினவர்கள் யாராவது இருந்தால் பேசலாமா?” என்று கேட்டார். பங்குனியில் வருகிறோம் தம்பி. மூன்று பேர்.