டிசைன் ஷூ: எத்தனை ஜோடி போதும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கட்டம்போட்டவள்:
என் உடுப்பெல்லாம் பிளெயின் குர்தி, கருப்பு அல்லது நேவி பேன்ட், வாரத்துக்கு ரெண்டு நாள் காட்டன் புடவை. காலில் மட்டும் டிசைன் இருக்கணும், அதுவே என் ஸ்டைல்னு ஆகணும். ஆனா இக்கத் நெசவு, அஜ்ரக் பிரிண்ட், பூவேலை ஜூத்தி (வடநாட்டுத் தோல் ஷூ)ன்னு எதைப் பார்த்தாலும் கார்ட்ல போடத் தோணுது. பட்ஜெட் 4,000 ரூபாய். சென்னை, பஸ்-மெட்ரோ பயணம். எத்தனை ஜோடி போதும்?

தறிநூல்:
ரெண்டு. முதல் ஜோடியைப் பத்து தடவையாவது போட்ட பிறகுதான் ரெண்டாவது.

டிசைனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தரை நிறத்தைப் பாருங்க, அதாவது பூவுக்கும் கட்டத்துக்கும் பின்னால இருக்கிற நிறம். பேன்ட், புடவை எல்லாத்தையும் கட்டில்ல போட்டு எண்ணினா எந்த நிறம் அதிகம்னு தெரிஞ்சிடும். உங்களுக்கு நேவின்னு வெச்சுக்குவோம். நேவி தரை, அதுமேல ரெண்டே நிறம், அதில் ஒண்ணு உங்க குர்திகளில் அடிக்கடி வர்றது. கையில இருக்கிற உடுப்பில் அஞ்சு செட்டோட சேரலைன்னா அந்த ஷூ வேண்டாம். ஆறு நிறம் கலந்த ஷூ எல்லாத்துக்கும் சேரும்னு தோணும், கடைசியில கருப்பு பேன்டோட மட்டும்தான் போவீங்க.

அளவும் முக்கியம். மிளகு அளவு புள்ளி நாலு அடி தள்ளி நின்னா ஒரே நிறமாத் தெரியும். உள்ளங்கை அளவு பூ, முன்பக்கத்துல பாதி வெட்டுப்பட்டு என்னன்னே புரியாது. கட்டைவிரல் நக அளவு சரியா இருக்கும். புடவையிலயும் டிசைன் இருந்தா, பார்டர் நிறம் ஷூவில் எங்கேயாவது வந்தாப் போதும். டிசைன் அளவு மட்டும் ரெண்டுலயும் வேறவேறயா இருக்கட்டும்.

மேல்தோல்:
மேலே சொன்னது சரி. ஆனா பஸ் பயணத்துக்குப் பிரிண்ட் போட்டதைவிட நெய்த துணியைத்தான் சொல்வேன். இக்கத்துல நூலுக்கே முதல்ல சாயம் ஏத்திட்டுத்தான் நெய்யறாங்க, அதனால நுனி தேய்ஞ்சாலும் நிறம் இருக்கும். மேலாப்ல பிரிண்ட் போட்ட கேன்வாஸ்ல தேய்ஞ்ச இடம் வெள்ளையாத் தெரியும். ரெக்சின்ல பிரிண்ட் போட்டது இன்னும் மோசம், விரல் மடங்கற இடத்துல விரிசல் விட்டு உரியும். கடையிலயே ஷூவை அந்த இடத்துல மடக்கிப் பாருங்க, வெள்ளைக் கோடு வந்தா வெச்சிட்டு வந்துடுங்க.

ஈரமான வெள்ளைத் துணியால உள்பக்கத்தை நல்லாத் தேய்ங்க. சாயம் ஒட்டினா மழையில உங்க காலும் அதே நிறம்தான். ரெண்டு ஷூவையும் பக்கத்துல வெச்சு, நுனியில் டிசைன் ஒரே இடத்துல விழுதான்னு பாருங்க. துணி மிச்சம் பிடிக்கிறதுக்காகக் கோணலா வெட்டினது அங்கேதான் மாட்டும். கால் நுழையற விளிம்புல பட்டி வெச்சுத் தைச்சிருக்கணும். வெறுமனே மடிச்சு ஒட்டினதுல இக்கத் நூல் பிரியும்.

ஜூத்தி அழகுதான், ஆனா தோல் சோல், தண்ணி ஆகாது. போடப்போட அகலம் கொடுக்கும், நீளம் கொடுக்காது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்துல போட்டுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில அதை வெளியே எடுக்காதீங்க.

கட்டம்போட்டவள்:
நன்றி. ஒரு சைட்டில் மூணு ஜோடி எடுத்தா ஒரு ஜோடி இலவசம்னு போட்டிருக்காங்க. வாங்கி வெச்சுட்டு ஒவ்வொண்ணா எடுத்தா என்ன?

அடித்தட்டு:
வேண்டாம் தோழி. அடியில பியூ (PU, பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக்) சோல் இருந்தா பெட்டிக்குள்ள இருந்தே கெட்டுப்போகும். காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கை மெல்லமெல்ல உடைக்கும். சில வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டா நாலு அடி நடக்கறதுக்குள்ள சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். சென்னைக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சோல் ஓரம் பிசுபிசுத்தாலோ மெல்லிய விரிசல் தெரிஞ்சாலோ அந்த ஷூ முடிஞ்சுபோச்சு. ரப்பர், டிபிஆர் (TPR, ரப்பர் மாதிரி வளையற ஒரு பிளாஸ்டிக்) சோல்ல இந்தத் தொல்லை இல்லை, என்ன சோல்னு கேட்டே வாங்குங்க.

4,000 ரூபாயை நாலாப் பிரிச்சா நாலும் மட்டமான சரக்காத்தான் வரும். நல்லதா ஒண்ணு எடுத்துட்டு மிச்சத்தை வெச்சிருங்க.

தறிநூல்:
ஆசை அடங்கலைன்னா இன்னொரு வழி இருக்கு. பிளெயின் கட் ஷூ நல்ல நிலைமையில இருந்தா, ஷூ தைக்கிறவர்கிட்ட கொடுத்து மேலே துணி போட்டு வாங்கலாம். டிசைன் ரெண்டு காலுக்கும் ஒத்து வரணும்னா அரை மீட்டர் கொடுங்க. துணிக்குப் பின்னால ஒட்டுக் கேன்வாஸ் வைக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஒட்டற சொல்யூஷன் ஊறி மேலே மஞ்சள் கறை வரும், மெல்லிய காட்டன்ல கட்டாயம் வரும். லேஸ் ஷூன்னா இவ்வளவு வேலையும் வேண்டாம், டிசைன் லேஸ் ஒரு ஜோடி மாத்திப் பாருங்க.