'ரீபில்ட்' பண்ற கோச்சுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தின ஒரு நீளமான கட்டுரைய ஒரு சிற்றிதழுக்கு மொழிபெயர்த்துட்டு இருக்கேன். நம்ம கால்பந்து இல்ல, முட்டை மாதிரி பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடுவாங்களே அது. வருஷக்கணக்கா தோத்துட்டே இருக்கற டீமை எடுத்து நிமிர்த்தற கோச்சுங்களை எப்படி எடைபோடறதுங்கறதுதான் விஷயம், அதனால 'ரீபில்டர்'ங்கற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருது. 'மறுகட்டமைப்பாளர்'னு போட்டுப் பார்த்தேன், பேங்க்ல கடனை மறுகட்டமைக்கற ஆள் மாதிரி இருக்கு. நல்ல சொல் ஒண்ணு சொல்லுங்க.
— வெ.

அம்மா, சொல் நம்மிடம் இருக்கிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டு வருவது கரந்தை. இழந்த பெருமையை மீட்பவர் 'கரந்தையர்'. புறப்பொருள் வெண்பாமாலை இதைத் தனித் திணையாகவே வைக்கிறது. தொல்காப்பியர் அப்படி வைக்கவில்லை, நிரை கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணைக்குள்ளேயே அடக்கினார் என்பது வேறு. ஏன் அடக்கினார் என்பதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நிரை கவர்தலும் மீட்டலும் ஒரே போரின் இரு முகங்கள் என்று அவர் கண்டார், பிற்காலத்தார் பூவுக்கு ஒரு திணையாகப் பிரித்தார்கள். பூவின் பெயரிலிருந்து வினைப்பெயர் ஆக்கும் வழக்கம் பற்றி அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.
— ச.

ஐயா மன்னிக்கணும், கரந்தையர்னா இன்னிக்கு எந்தப் பையனுக்குப் புரியும்? நான் +2 பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன், அவங்களுக்குக் கரந்தைன்னா தஞ்சாவூர்ல ஒரு ஏரியா. பேசாம 'அணி மீட்பர்'னு வைங்க.
— த.

'மீட்பர்' வேண்டாம் சார். எங்க வீட்ல மீட்பர்னா இயேசு ஒருத்தர்தான். அந்தச் சொல்லைப் படிச்ச உடனே எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் ஞாபகம் வரும், ஃபுட்பால் வராது.
— ஜெ.

நான் கான்சஸ்ல படிச்சவன், இதுல எனக்கு வேற ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. மீட்பு, மீட்சி, மறு, மீள் எல்லாமே முன்னாடி ஒண்ணு நல்லா இருந்துச்சுன்னு சொல்ற சொல்லுங்க. கான்சஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டி டீம்ல அப்படி எதுவுமே இல்லீங்க. 1989 சீசனுக்கு பில் ஸ்னைடர் அங்க கோச்சா வரும்போது அதுக்கு முந்தின ரெண்டு சீசன்லயும் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல, பெரிய டிவிஷன்லயே முதல்ல 500 தோல்வி பார்த்த டீம் அது, அதோட மொத்த வரலாற்றுலயும் 1982ல ஆடின ஒரே ஒரு பௌல் கேம் (சீசன் முடிஞ்சப்புறம் நல்லா ஆடின டீமுங்களுக்குக் கிடைக்கற மேட்ச்), அதுவும் தோல்வி. இதுல எதை மீட்கறது? அந்த செப்டம்பர் 30ஆம் தேதி நார்த் டெக்சஸ் கூட கடைசி ப்ளேல டச்டவுன் அடிச்சு 20-17னு ஜெயிச்சாங்க, ஜெயிக்காம போன 30 மேட்ச் வரிசை அன்னிக்குதான் முடிஞ்சுது, ஆனாலும் அந்த சீசன் 1-10தான், அதாவது ஒரு வெற்றி, பத்து தோல்வி. அடுத்தது 5-6, அடுத்தது 7-4, 1993ல முதல் பௌல் வெற்றி, 2003ல நம்பர் ஒன் ஓக்லஹோமாவை 35-7னு அடிச்சு கான்ஃபரன்ஸ் (அவங்க ஆடற லீக்) பட்டம், 1934க்கு அப்புறம் அதான் முதல் தடவ. அந்தாளு ஹெல்மெட்ல இருக்கற காட்டுப்பூனை படத்தைக்கூட புதுசா வரைய வச்சாரு, பழசோட ஒட்டே வேண்டாம்னு. அலபாமா யூனிவர்சிட்டில கோச் நிக் சேபன் 2007ல 7-6ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் 12-2 போனதும் பெரிய வேலைதான், ஆனா அங்க பணமும் பேரும் பழைய பட்டங்களும் ஏற்கனவே இருந்துச்சு. அது மீட்பு. இது ஆக்கம். இந்த ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா கட்டுரையே தப்பா மதிப்பிடும், அதான் என் கவலை.
— ப.

அப்போ 'அணியாக்குனர்'?
— த.

'ஆக்குநர்'. தபால் உறையில் அனுப்புநர், பெறுநர் என்றுதானே எழுதுகிறோம்? பத்திரிகைகள் 'இயக்குனர்' என்று எழுதியே இந்த 'ந' என்ற எழுத்தைக் கொன்றுவிட்டன. தவிர 'அணி' என்றால் அலங்காரம் என்றும் பொருள். அணியாக்கம் என்றால் நகைக்கடை.
— ச.

ஐயா, அணி அணின்னு பேசறோம், அதுவே சரியான்னு பாருங்க. காலேஜ் பையன் நாலஞ்சு வருஷத்துல போயிடுவான். கோச் கட்டறது அந்த வருஷத்து டீமை மட்டும் இல்ல, ஆள் எடுக்கற முறை, ஸ்டேடியம், படிப்பு, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்த ஒண்ணு, அதைத்தான் அங்க 'ப்ரோக்ராம்'ங்கறாங்க. இப்போ பசங்க காலேஜ் மாறறதுக்கான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தப்புறம் இன்னும் குழப்பம். இண்டியானா யூனிவர்சிட்டி 2023ல 3-9, கர்ட் சிக்னெட்டி கோச்சா வந்த அடுத்த சீசனே 11-2. தன் பழைய காலேஜ் ஜேம்ஸ் மேடிசன்ல இருந்து ஒரு டஜனுக்கு மேல ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு. இது கட்டினதா, பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதா? எனக்கென்னவோ இதுவும் திறமைதான்னு படுது, ஆனா ஸ்னைடர் பண்ணதோட ஒரே தராசுல வைக்கமாட்டேன்.
— ஜெ.

பேய்லர் யூனிவர்சிட்டியை விட்டுட்டீங்களே. கோச் ஆர்ட் ப்ரைல்ஸ் அந்தத் தோத்த டீமை 2013லயும் 2014லயும் பிக் 12 கான்ஃபரன்ஸ் பட்டம் வரைக்கும் கொண்டுபோனாரு, 2016ல மாணவிகள் மேல நடந்த பாலியல் வன்முறைய பல்கலைக்கழகம் கையாண்ட லட்சணம் வெளிய வந்து அவர் வேலைய விட்டுத் தூக்கினாங்க. வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தா அவரும் 'ஆக்குநர்'. அப்புறம் மேட் ரூல் வந்து 1-11, 7-6, 11-3. அந்த முதல் 1-11ஐ வச்சு அவரை எடைபோட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? என்னைக் கேட்டா மூணு சீசன் முடியாம எந்த கோச்சையும் மதிப்பிடக்கூடாது, இடிஞ்சது எதனாலன்னு பாக்காமயும் மதிப்பிடக்கூடாது.
— மீ.

வெ. அக்கா, சொல் உங்க மடல்லயே இருக்கு. 'எடுத்து நிமிர்த்தற கோச்'னு யோசிக்காமலே எழுதியிருக்கீங்க. 'நிமிர்த்துநர்'. முன்னாடி பெருமையா இருந்தாங்களா இல்லயாங்கற கேள்வியே வராது, குனிஞ்சு கிடந்தவன் நிமிர்ந்தான், அவ்வளவுதான். 'நிறுத்துநர்'னு யாராவது கிளம்பிடாதீங்க, டீமையே நிறுத்திட்டாருன்னு அர்த்தம் ஆயிடும்.
— மீ.

+1. வாய்ல வருது.
— ஜெ.

சரி, எனக்கும் ஓகே. புரியுது, அது போதும்.
— த.

எனக்கு முழு திருப்தி இல்ல. நிமிர்ந்தது நின்னுச்சாங்கறது இந்தச் சொல்லுல வராது. ஸ்னைடர் 2005ல ஓய்வு பெற்றார், அடுத்து வந்தவர் மூணு வருஷத்துல 17-20, கடைசியில ஸ்னைடரையே 2009ல திரும்பக் கூப்பிட்டாங்க, 2012ல இன்னொரு பட்டம் வாங்கிக் குடுத்தாரு. அப்போ அவர் கட்டினது ப்ரோக்ராமா, இல்ல எல்லாமே அவரோட தோள்ல நின்னுச்சா? அவர் சுலபமான டீம்களைப் பார்த்துப் பார்த்து மேட்ச் போட்டார்னு ஒரு பழைய குறையும் உண்டு, அதுல நியாயம் இருக்கு, ஆனா தோத்தே பழகின பசங்களுக்கு ஜெயிக்கறதுன்னா எப்படி இருக்கும்னு வேற எப்படித்தான் காட்டறது. ஆனா வெள்ளிக்கிழமைக்கு 'நிமிர்த்துநர்' போதும்னா நான் குறுக்க நிக்கல.
— ப.

எல்லாருக்கும் நன்றி. 'நிமிர்த்துநர்'னே போடறேன், சேபனுக்கு மட்டும் 'மீட்டவர்'னு வினையாலணையும் பெயரா எழுதிக்கறேன். 'ப்ரோக்ராம்' அப்படியே இருக்கட்டும், அதுக்கு இந்த வாரம் நேரம் இல்ல.
— வெ.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிட்டால் அது எப்போதுதான் புரியும்? கரந்தை பற்றிய விரிவான மடல் நாளை வரும்.
— ச.